நடுக்கம் வேறு, ஆட்டம் வேறு

மதுரைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நேரத்தில் மணவறையைச் சுற்றி டிரைபாட் போட முடியாது. ஒரு பக்கம் ஓமப் புகை, ஒரு பக்கம் போட்டோக்காரர், தாய்மாமன் வீட்டார், அட்சதைத் தட்டோடு நிற்கும் பிள்ளைகள், பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பெரியம்மாக்கள். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் ஒரு அடி முன்னால் வருவார்கள். அந்த ஒரு அடியில் டிரைபாட் கால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தாலி கட்டுவதைக் கையில் பிடித்துத்தான் எடுத்தாக வேண்டும். முதல் முடிச்சு மாப்பிள்ளை, அடுத்த இரண்டும் நாத்தனார். பதினைந்து இருபது நொடிக்குள் முடிந்துவிடும். அந்த வீட்டில் அது இன்னொரு தடவை நடக்காது. அந்த இருபது நொடியை ஆடாமல் எடுப்பதைத்தான் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

1996இல் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்தேன். வலது கையில் ஆயிரம் வாட் ஹாலோஜன், இடது கை அண்ணனின் இடுப்பு பெல்ட்டில். அண்ணன் என்று நான் சொல்வது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை. மாப்பிள்ளை அழைப்பில் அவர் கேமராவோடு பின்னால் நடந்து வருவார். பள்ளம், படி, வயர் எது வந்தாலும் பெல்ட்டை லேசாக இழுத்து நான்தான் சொல்ல வேண்டும். அவர் தோளில் இருந்தது பேனசோனிக் எம் 3000, முழு விஎச்எஸ் கேசட் போடுகிற கேமரா. ஸ்டெபிலைசர் என்ற சொல்லே எங்களுக்கு அப்போது தெரியாது. ஆனாலும் அண்ணன் எடுத்த படம் ஆடாது. கனமான பொருளை வெடுக்கென்று அசைக்க முடியாது என்பது ஒரு காரணம். தோள், கன்னம், கை மூன்றும் கேமராவில் அழுந்தியிருக்கும் என்பது இன்னொன்று. கேமரா அவர் உடம்பில் ஒரு பாகமாகவே இருந்தது.

2004இல் கடன் வாங்கி சோனி பிடி 170 வாங்கினோம். மினி டிவி கேசட், மூன்று சிசிடி, ஒன்றரைக் கிலோ சொச்சம்தான் எடை. மெனுவில் ஸ்டெடிஷாட் என்று இருந்தது. அண்ணன் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தோள்ல உக்காராதுப்பா, கையில தொங்குது. தொங்குறதெல்லாம் ஆடும்." நான், "அதான் ஸ்டெடிஷாட் இருக்குல்லண்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆவணியில் திருப்பரங்குன்றத்து மண்டபம் ஒன்றில் முதன்முறையாக முகூர்த்தத்தை என்னிடம் விட்டார். முன்னால் போக வழியில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, பன்னிரண்டு எக்ஸ் ஜூமையும் முழுக்க இழுத்து எடுத்தேன். சின்ன வியூஃபைண்டரில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூடியோவுக்கு வந்து 29 அங்குல டிவியில் போட்டால், மாப்பிள்ளையின் கை ஃப்ரேமுக்குள் வருகிறது, வெளியே போகிறது. தாலி ஒரு நொடி தெரிகிறது, மறுநொடி யாரோ ஒருவரின் காது. நாத்தனார் முடிச்சுப் போடும்போது படம் கீழே வழுக்கி, பட்டுப்புடவையின் மடிப்பு மட்டும் தெரிகிறது. போட்டோக்களை வைத்து மிக்ஸிங்கில் ஒப்பேற்றினோம். அண்ணனே அந்த வீட்டுக்கு நேரில் போய், உள்ளதைச் சொல்லி, பாதிப் பணம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் செய்த காரியத்தை மறக்கவே மாட்டேன். கேமராவை ஏவி வயரில் டிவியோடு கோத்தார். எதிர்ச்சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. "அதுல தேதிய எடு" என்றார். வைடில் வைத்துப் பிடித்தேன். காலண்டர் சுவரில் அறைந்ததுபோல் நின்றது. "இழு" என்றார். ஜூமை முழுக்க இழுத்தேன். தேதியின் பெரிய இலக்கம் திரை முழுக்க வந்து, குளிர்காய்ச்சல்காரனைப்போல வெடவெடத்தது. அதுவரை ஸ்டெடிஷாட்டை அவர் அணைத்து வைத்திருந்தார். இப்போது போட்டார். வெடவெடப்பு சட்டென்று நின்றது. எனக்கு நிம்மதி. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இலக்கம் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் வந்தது, நான் மூச்சு இழுத்தபோது கீழே இறங்கியது. கம்மாயில் மிதக்கும் பானை மாதிரி. "பாத்தியா, நடுக்கம் போச்சு, ஆட்டம் போகல" என்றார் அண்ணன்.

நடுக்கம் வேறு, ஆட்டம் வேறு. அவர் படித்துச் சொன்னதல்ல, திரையைப் பார்த்துச் சொன்னது. பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு உரை எழுதியது போலத்தான் இருந்தது. எவ்வளவு திடமான ஆளாக இருந்தாலும் கை நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை நுணுக்கமாக நடுங்கிக்கொண்டேயிருக்கும். பயத்தால் வருவது அல்ல, தசையின் இயல்பே அதுதான். கேமராவுக்குள் இருக்கும் கைரோ சென்சார் அந்த நடுக்கத்தை உணர்ந்து, கை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடிப் பாகத்தை நகர்த்தும். இது ஆப்டிகல் முறை. எலக்ட்ரானிக் முறையில் கண்ணாடி எதுவும் நகராது. சென்சாரில் விழும் படத்தின் ஓரங்களை விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் இங்கும் அங்கும் நகர்த்தி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த வகையில் படம் கொஞ்சம் வெட்டுப்பட்டு, பார்வை குறுகும். எந்த முறையானாலும் அது நகர ஒரு சின்ன எல்லைதான் உண்டு.

நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு எட்டு வைக்கிறோம். மூச்சு அதைவிட மெதுவானது. களைத்த இடுப்பு ஒரு பக்கம் சாய்வது இன்னும் மெதுவானது. மெதுவாகவும் பெரிதாகவும் வரும் இந்த அசைவுகளைப் பார்க்கும்போது, கேமராக்காரன் வேண்டுமென்றே திருப்புகிறானா, தெரியாமல் சாய்கிறானா என்று கருவிக்குத் தெரியாது. தெரியாததை அது விட்டுவிடுகிறது. அது செய்வதுதான் சரி. ஆட்டம் நம் பொறுப்பு.

நடுக்கத்தை அடக்கும் இந்த வித்தையை வீட்டு உபயோகக் கேமராவுக்குக் கொண்டுவந்தவர் மிட்சுவாக்கி ஓஷிமா என்ற பேனசோனிக் பொறியாளர். வண்டிகளுக்கு வழிகாட்டும் கருவிக்காகக் கைரோவில் வேலை செய்துகொண்டிருந்தவர். 1982இல் ஹவாயில், ஓடும் காரிலிருந்து நண்பர் ஒருவர் வீடியோ எடுக்கத் திணறியதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாம். 1988இல் பிவி 460 என்ற கேமரா அதோடு வெளிவந்தது. காரில் போகும்போது தோன்றிய யோசனை, நம் ஊர் மணவறையில் வந்து நிற்கிறது. அந்த மனிதரை நினைத்துக்கொள்ளாமல் நான் ஸ்டெடிஷாட்டைப் போடுவதில்லை.

ஜூமுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது. பிடி 170இன் லென்ஸ் வைடில் சுமார் 44 பாகை அகலம் பார்க்கும். முழு ஜூமில் நான்கு பாகைகூடக் கிடையாது. கை அரைப் பாகை சாய்ந்தால் வைடில் 29 அங்குல டிவியில் கால் அங்குலம் நகரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். முழு ஜூமில் அதே அரைப் பாகை மூன்று அங்குலம். கை ஒன்றுதான், சாய்வும் ஒன்றுதான். நாற்காலி மேல் நின்ற நான் என் சாய்வைப் பன்னிரண்டு மடங்காக்கிக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 0.7 எக்ஸ் வைட் லென்ஸை முன்னால் மாட்டிக்கொண்டு, பொண்ணு வீட்டாரிடம் முதல்நாளே பேசி மணவறைத் தூணுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளத் தொடங்கினேன். ஜூம் செய்து கிட்டப் போவதைவிடக் காலால் நடந்து கிட்டப் போவது நூறு பங்கு மேல். ஆனால் அதற்கு வீட்டாரோடு பழக வேண்டும். "அத்தை, தாலி கட்டும்போது நீங்க இந்தப் பக்கம் நின்னுக்கிறீங்களா?" என்று ராத்திரியே கேட்டு வைக்க வேண்டும். ஸ்டெடியான ஷாட்டில் பாதி வேலை இந்தப் பேச்சில் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

தாலி கட்டும்போது நான் நிற்பது இப்படி. செருப்பு கிடையாது, வெறுங்காலுக்குத் தரை தெரியும். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முழங்காலை இறுக்காமல் தளர்த்தி வைப்பேன். முழங்கால் விறைத்தால் தவில் அடியில் மேடைப் பலகை அதிர்வது நேராகக் கேமராவுக்கு ஏறிவிடும். முடிந்தால் வலது தோளைத் தூணில் சாய்ப்பேன். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கும். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், குழந்தையின் பிடரியைத் தாங்குவதுபோல. வலது கை பிடியில், ஆனால் நெரிக்காமல். இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். இது புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் வியப்பாக இருக்கிறது. வியூஃபைண்டரைப் புருவத்தில் அழுத்திக்கொள்வேன். எல்சிடி திரையைத் திறந்துவைத்துக் கையை நீட்டிப் பிடித்தால் புருவம் தரும் அந்த மூன்றாவது தாங்கல் போய்விடும். கழுத்து வாரைக் கேமராவால் முன்னுக்குத் தள்ளி விறைப்பாக்கிக் கொள்வதும் உண்டு. வார் இழுத்துப் பிடித்திருந்தால் அதுவும் ஒரு கைதான்.

நாதஸ்வரம் வேகம் பிடிக்கும்போதே மூச்சைப் பாதி விட்டு, அங்கே நிறுத்திக்கொள்வேன். நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தால் இதயத் துடிப்பு கைக்கு வரும். பாதி விட்ட மூச்சில் உடம்பு தானாக அடங்கும். மாப்பிள்ளையின் விரல்கள் மஞ்சள் கயிற்றோடு பொண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகின்றன. நிறைய மாப்பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கம் படத்தில் விழ வேண்டும், என் நடுக்கம் விழக்கூடாது. இரண்டும் கலந்துவிட்டால் எது யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகும். அட்சதை வந்து லென்ஸ் ஹூடில் படபடவென்று விழும். கண்ணை மூடக்கூடாது. முதல் முடிச்சு. நாத்தனாரின் வளையல் கை உள்ளே வரும், இரண்டாவது, மூன்றாவது. முடிச்சிலிருந்து விரல்கள் விலகிய பிறகும் ஐந்து எண்ணுவேன். அவசரப்பட்டுக் கேமராவைத் திருப்புகிறவர்கள் அந்தப் பொண்ணு தலை நிமிரும் கணத்தை விட்டுவிடுகிறார்கள்.

பந்தி, வரிசையாக உட்கார்ந்த பெரியவர்கள் என்று இடமிருந்து வலமாகத் திருப்பி எடுக்கும் பேனில் ஸ்டெபிலைசர் வேறொரு தொந்தரவு தரும். திருப்பத் தொடங்கும்போது அதை ஆட்டம் என்று நினைத்துத் தடுக்கும். படம் ஒட்டிக்கொண்டு வராமல் நிற்கும், பிறகு வெடுக்கென்று கிளம்பும். நிறுத்தும்போது நாம் நின்ற பிறகும் படம் ஒரு விரல்கடை வழுக்கிப் போய் நிற்கும். அண்ணன் சொன்ன வழி இன்றும் எனக்கு உதவுகிறது. பேன் எங்கே முடிய வேண்டுமோ அந்தப் பக்கம் பாதங்களை வைத்துக்கொள். இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கித் தொடக்கத்துக்கு வா. பிறகு முறுக்கை மெல்ல அவிழ்த்துவிடு. உடம்பு தன் இயல்பு நிலைக்குத் திரும்பும்போது ஆட்டம் குறையும். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடித்தால் கருவிக்கும் சண்டை போட வேலை இருக்காது. டிரைபாடில் ஏற்றினால் ஸ்டெபிலைசரை அணைத்துவிட வேண்டும். ஒரு ரிசப்ஷனில் அதை அணைக்க மறந்து, நின்ற இடத்தில் நிற்கும் மேடையைத் தெப்பம்போல மிதக்கவிட்டு எடுத்திருக்கிறேன்.

சிமாஸ் சென்சார் கேமராக்கள் வந்தபோது மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: அதிர்வு. சிசிடி படத்தை ஒரே கணத்தில் பிடிக்கும். சிமாஸ் பெரும்பாலும் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் கேமரா அதிர்ந்தால் மேல்வரி ஓரிடத்திலும் கீழ்வரி ஓரிடத்திலும் விழும். ஊர்வல ஜீப்பின் மேல் கேமராவை அழுத்தி வைத்து எடுத்தேன் ஒருதடவை. வாசலில் கட்டிய வாழைமரங்கள் ரப்பர்போல நெளிந்தன. ஸ்டெபிலைசர் அந்த வரிகளை நேராக்காது. வண்டியில் சாயாமல், உடம்பையே ஸ்பிரிங்காக்கிக்கொண்டு நின்றுதான் எடுக்க வேண்டியிருந்தது. தூணில் சாய்வது நல்லது, என்ஜின் ஓடும் வண்டியில் சாய்வது கெடுதல்.

எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு என்னிடம் ஒரு அனுபவம் உண்டு. பிடி 170 காலத்தில் நான் எடுத்த கல்யாணப் பொண்ணு ஒருவர், ஆறேழு வருஷம் கழித்து டிவிடியோடு வந்தார். அப்பா தவறிவிட்டார். தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவர் ஒரு கணம் சிரித்திருக்கிறார்; வீட்டில் அவர் சிரித்த போட்டோ வேறு எதுவும் இல்லை. அதிலிருந்து ஒரு படம் வேண்டும், பெரிதாக்கிச் சுவரில் மாட்ட. "அண்ணே, அந்தச் சிரிப்பு மட்டும் கிடைச்சாப் போதும்ணே" என்றார்.

நான் அதை நடந்துகொண்டே எடுத்திருந்தேன்.

2011இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வார்ப் ஸ்டெபிலைசர் வந்திருந்தது. அதைப் போட்டோம். ஃப்ரேம் அழகாக நின்றது. ஆனால் முகம் நொடிக்கு இரண்டு தடவை தெளிந்தும் கலங்கியும் மாறி மாறித் தெரிந்தது. ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் என் காலடி தட்டியதில் முகம் இழுபட்டுப் பதிந்திருக்கிறது. ஃப்ரேமை நகர்த்தி நேராக்கலாம், இழுபட்டதை எப்படிச் சேர்ப்பது? டேப்பை எடுத்து, நொடிக்கு 25 ஃப்ரேம் என்று ஒவ்வொன்றாக ராத்திரி இரண்டு மணிவரை பார்த்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு எட்டு மேலே ஏறி முடிந்து, கீழே இறங்கத் தொடங்கும் முன் உடம்பு ஒரு கணம் நின்றிருக்கிறது. அந்த ஃப்ரேமிலும் ஒரு ஃபீல்டை மட்டும் பிரித்து எடுத்தபோது கண்ணும் உதடும் கலங்காமல் வந்தன. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. இன்று தாரை வார்க்கும் நேரத்தில் நான் நடப்பதில்லை. பொண்ணோட அப்பா முகத்தில் பத்து நொடியாவது நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

நடந்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு. நடையில் குதிகாலை முதலில் வைத்து, பாதத்தின் வெளிவிளிம்பு வழியாக விரலுக்கு எடையைக் கொண்டுபோக வேண்டும். முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும், தலையில் தண்ணீர்க் குடம் இருக்கிறவளின் நடை. கேமரா வைடில். அப்போதுதான் ஸ்டெபிலைசர் கொஞ்சம் கைகொடுக்கும். புதிய கேமராக்களில் ஆக்டிவ் என்று ஒரு நிலை இருக்கிறது. அது நடைக்காகவே செய்தது, வைடில் பெரிய அசைவையும் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. கிம்பல் இன்னும் மேல். கிம்பலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கையையும் விரித்து அதைப் பிடிக்க இடம் வேண்டும்.

சித்ரா பௌர்ணமி விடியலில் ஆழ்வார்புரத்துப் பக்கம் வைகைக் கரையில் அந்த இடம் கிடையாது. கள்ளழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டம் ஒரே உடம்பாக அசையும். அதில் காலை ஊன்றி எதிர்த்து நின்றால் தள்ளித் தள்ளிப் படம் உதறும். கூட்டத்தோடு சேர்ந்து அசைந்தால் அசைவு மெதுவாகும். மெதுவான அசைவைக் கண் பொறுத்துக்கொள்ளும். சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றித் தூக்கிப் பிடித்திருப்பார்கள், தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். லென்ஸைத் துடைக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை என்று பிரித்தால் போயிற்று. துடைப்பதற்குத் துணை வேண்டும்.

போன சித்திரையில் என் அக்கா மகன் வந்திருந்தான். கிம்பலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒரு கையில் துண்டு, மறு கை என் பெல்ட்டில். அழகர் பச்சைப் பட்டா என்று எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். குதிரை கூட்டத்துக்கு மேல் எழுந்து வருகிறது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்காமல், புருவத்திலேயே வைத்து, எதிரே இருந்த இரண்டு தலைகளுக்கு நடுவில் ஃப்ரேம் போட்டேன். பச்சைதான். கூட்டம் ஓவென்றது. இருபது நொடி, இருபத்தைந்து நொடி.

முடித்ததும் அவன் காதருகே கத்தினான்: "மாமா, நீங்க மூச்சை நிப்பாட்டுனப்ப முதுகு கல்லு மாதிரி ஆயிருச்சு. பெல்ட்டுலயே தெரிஞ்சுச்சு."

"நிப்பாட்டலடா, பாதி விட்டுட்டு வச்சிருந்தேன்" என்றேன். லென்ஸில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது. துண்டை வாங்கித் துடைத்துவிட்டு, கேமராவை அவன் கையில் கொடுத்து, நான் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.